இரண்டு ரவுட்டர், ஒரே கேட்வே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இணைய லைன் போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இரண்டாவது ரவுட்டரை வாங்கி மாட்டிவிட்டு, லைன் அறுந்த முதல் நாளே ஏமாந்துபோனவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. அவர்களில் நானும் ஒருவன்.

பேச வசதியாக ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். சுமார் 100 கணினிகள், உள் முகவரி வரிசை 192.168.10.0/24. மூத்த ரவுட்டர் 192.168.10.2, அதில் லீஸ்டு லைன், அதாவது அலுவலகத்துக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி லைன். இளைய ரவுட்டர் 192.168.10.3, அதில் வேறு நிறுவனத்தின் பிராட்பேண்ட். கணினிகளுக்கு வெளியே போகும் வாசலாகச் சொல்லப்பட்ட முகவரி, அதாவது கேட்வே, 192.168.10.1. அந்த .1 எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை.

ஒரே ரவுட்டரில் இரண்டு லைன் போட்டிருக்கிறோம். அது போதாதா?

பாதி போதும். ரவுட்டர் சாவதைவிட லைன் அறுவதுதான் அடிக்கடி நடக்கிறது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுகிறார்கள், கம்பத்துக் கேபிளில் லாரி மாட்டுகிறது. ஆகவே கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் என்றால் இரண்டாவது லைனை முதலில் வாங்குங்கள். ஆனால் ரவுட்டரின் அடாப்டர் எரிந்தாலும், ஃபர்ம்வேர் ஏற்றி ரீபூட் செய்தாலும், மே மாத மதியத்தில் சூடேறி உறைந்து நின்றாலும் இரண்டு லைனும் சேர்ந்தே போகும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இரண்டாவது பெட்டி.

கணினியில் ஒரே ஒரு கேட்வேதானே கொடுக்க முடியும்? அது எப்படி இரண்டு ரவுட்டருக்குப் பொருந்தும்?

கேட்வே முகவரியை ஒரு நாற்காலி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி ஒன்றுதான், அதில் யார் உட்காருவது என்பது மட்டும் மாறும். உட்கார்ந்திருப்பவர் மாஸ்டர், காத்திருப்பவர் பேக்கப். இந்த நாற்காலி மாற்றத்துக்கான பொது நெறிமுறைதான் வி.ஆர்.ஆர்.பி. அதற்கு 2024-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9568 என்ற இணையத் தர ஆவணம் மாஸ்டர் என்ற சொல்லை விட்டுவிட்டு ஆக்டிவ் என்கிறது. பெட்டிகளின் திரையில் இன்னும் பழைய பெயர்தான் அதிகம், இங்கும் அதையே சொல்கிறேன்.

மாஸ்டர் ஒவ்வொரு நொடியும் "நான் இருக்கிறேன்" என்று 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே நேரத்தில் பலர் கேட்கும் முகவரிக்கு) ஓர் அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றுபோனால் பேக்கப் நாற்காலியில் ஏறி உட்காரும். ஐபி முகவரியோடு மேக் முகவரியும் (வலையமைப்புப் போர்ட்டின் வன்பொருள் முகவரியும்) சேர்ந்து கைமாறுவதுதான் இதன் அழகு. வி.ஆர்.ஆர்.பி.யில் இதற்கென்றே ஒரு மேக் முகவரி உண்டு. அதன் ஆறு பகுதிகளில் முதல் ஐந்து எல்லோருக்கும் ஒன்றே, ஆறாவது உங்கள் குழு எண், அதாவது ஒரே நாற்காலியைப் பகிரும் ரவுட்டர்களுக்கு நீங்கள் வைக்கும் எண். அதனால் எந்த ஐபிக்கு எந்த மேக் என்று கணினிகள் வைத்திருக்கும் ஏ.ஆர்.பி. அட்டவணையில் எதுவும் மாற வேண்டியதில்லை. அந்த மேக் எந்தப் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று, கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டால் போதும். புது மாஸ்டர் அனுப்பும் முதல் ஏ.ஆர்.பி. கூவலிலேயே அது நடந்துவிடும்.

லினக்ஸில் வி.ஆர்.ஆர்.பி.க்குக் கீப்அலைவ்டி என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு திருத்தம். தனியாகச் சொன்னால் ஒழிய அது இந்தப் பொது மேக்கைப் பயன்படுத்தாது, பெட்டியின் சொந்த மேக்கோடுதான் முகவரியை ஏற்கும். அப்போது எல்லாக் கணினிகளும் அந்த ஏ.ஆர்.பி. கூவலைக் கேட்டுத் தங்கள் அட்டவணையைத் திருத்தியாக வேண்டும். கூவலைக் காதில் வாங்காத பழைய பிரிண்டர், வருகைப் பதிவுக் கருவி ஏதாவது ஒன்று எந்த அலுவலகத்திலும் இருக்கும்.

வி.ஆர்.ஆர்.பி., எச்.எஸ்.ஆர்.பி., கார்ப். எதை எடுப்பது?

மூன்றும் ஒரே வேலையைச் செய்யும் நெறிமுறைகள். இருக்கும் பெட்டி எதைப் பேசுகிறதோ அதை எடுங்கள். இரண்டும் வேறு வேறு நிறுவனப் பெட்டிகள் என்றால் வி.ஆர்.ஆர்.பி. தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

கதையைக் கேட்பவர்களுக்கு: எச்.எஸ்.ஆர்.பி. சிஸ்கோ என்ற ரவுட்டர் நிறுவனத்தினுடையது, 1998-இல் ஆர்.எஃப்.சி. 2281 ஆக வெளியானது. அதே ஆண்டில் பொதுத் தரமாக வி.ஆர்.ஆர்.பி. ஆர்.எஃப்.சி. 2338 என்று வந்தது. தன் காப்புரிமை வி.ஆர்.ஆர்.பி.யையும் தொடுகிறது என்று சிஸ்கோ சொன்னது. அதில் எரிச்சலான ஓப்பன்பி.எஸ்.டி. இயங்குதளக் குழு சொந்தமாக எழுதியதே கார்ப். 2004-இல் ஓப்பன்பி.எஸ்.டி. 3.5 உடன் அது வெளிவந்தது. அதற்குத் தனி நெறிமுறை எண் கிடைக்காததால் வி.ஆர்.ஆர்.பி.யின் 112-ஐயே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பழைய சண்டை உங்களை எங்கே தொடும் என்றால், பிஎஃப்சென்ஸ், ஓப்பிஎன்சென்ஸ் ஃபயர்வால் பெட்டிகள் கார்ப் பேசுகின்றன. அதே விலானில் (சுவிட்சுக்குள் எண் கொடுத்துப் பிரித்த தனி வலையமைப்பில்) வி.ஆர்.ஆர்.பி. பேசும் சுவிட்ச் ஒன்றும் இருந்து, இரண்டிலும் குழு எண் 1 என்று விட்டிருந்தால், மேக் முகவரி மோதும். காரணமே தெரியாமல் நெட் விட்டுவிட்டு வரும்.

அமைக்கும்போது எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

குழு எண்ணை. எல்லோரும் 1 என்று வைக்கிறார்கள், நீங்கள் வைக்காதீர்கள். 1 முதல் 255 வரை எதுவும் இருக்கலாம். விலான் எண்ணையே குழு எண்ணாக வைப்பது என் பழக்கம், விலான் 10-க்குக் குழு 10. பிறகு பார்க்க வருபவருக்கும் புரியும்.

அடுத்தது முன்னுரிமை. மூத்ததற்கு 150, இளையதற்கு 100. எண் பெரிதாக இருப்பது மாஸ்டர். இரண்டும் சமமாக இருந்தால் ஐபி முகவரி பெரிதாக உள்ளது வெல்லும், அதாவது உங்கள் இளையது மாஸ்டராகிவிடும். 255 என்ற எண்ணைத் தொடாதீர்கள். அது, நாற்காலி முகவரியைத் தன் சொந்த முகவரியாகவே வைத்திருக்கும் ரவுட்டருக்கானது. அப்படி வைத்தால் அது எப்போது திரும்பி வந்தாலும் நாற்காலியைப் பிடுங்கிக்கொள்ளும், தடுக்க முடியாது. .1-ஐ எந்தப் பெட்டிக்கும் கொடுக்காமல் தனியாக வைக்கச் சொன்னது அதனால்தான்.

இரண்டு பெட்டியிலும் குழு எண், அறிவிப்பு இடைவெளி, வி.ஆர்.ஆர்.பி. பதிப்பு, நாற்காலி முகவரி ஆகிய நான்கும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். முன்னுரிமையும் சொந்த முகவரியும் மட்டுமே வேறு. மைக்ரோடிக் நிறுவன ரவுட்டரில் நாற்காலி முகவரியை வி.ஆர்.ஆர்.பி. இன்டர்ஃபேஸில் /32 என்று போடுங்கள். /24 போட்டால் ஒரே வரிசைக்கு இரண்டு பாதைகள் உண்டாகிக் குழப்பும்.

ஃபயர்வாலில் 112-ஆம் நெறிமுறையை அனுமதிக்க மறக்க வேண்டாம். அது டி.சி.பி.யும் இல்லை, யு.டி.பி.யும் இல்லை, எனவே போர்ட் எண் தேடி அலையாதீர்கள். எச்.எஸ்.ஆர்.பி. வேறு மாதிரி, அது யு.டி.பி. 1985.

டி.எச்.சி.பி.யை (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவையை) எந்த ரவுட்டரில் வைப்பது?

முடிந்தால் இரண்டிலும் வேண்டாம், உள்ளே ஒரு சர்வரில் வையுங்கள். ரவுட்டரில்தான் வைக்க முடியும் என்றால் வரிசையை இரண்டாகப் பிரியுங்கள்: மூத்தது .50 முதல் .149 வரை, இளையது .150 முதல் .249 வரை. 100 கணினிக்கு இது சரியாக இருக்கும். ஆனால் கைப்பேசிகளும் அதே வைஃபையில் ஏறுகின்றன என்றால் போதாது. எப்படிப் பிரித்தாலும் கேட்வே என்று கொடுப்பது .1 ஆக இருக்கட்டும். .2 என்று கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் நிறைய.

மாறுவதற்கு எத்தனை நொடி ஆகும்?

வி.ஆர்.ஆர்.பி.யில் கணக்கு இதுதான்: அறிவிப்பு இடைவெளியை மூன்றால் பெருக்கி, அதோடு ஒரு சிறு தாமதத்தைச் சேர்க்க வேண்டும். அந்தத் தாமதம் 256-இலிருந்து பேக்கப்பின் முன்னுரிமையைக் கழித்து 256-ஆல் வகுத்தால் வருவது. நம் இளையதற்கு 156-ஐ 256-ஆல் வகுக்க 0.609. ஆக மொத்தம் 3.609 நொடி. எச்.எஸ்.ஆர்.பி.யை அப்படியே விட்டால் 3 நொடிக்கு ஒரு முறை குரல், 10 நொடி பொறுமை.

வி.ஆர்.ஆர்.பி.யின் மூன்றாம் பதிப்பில் இடைவெளியை நொடியில் நூறில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். குறைக்க ஆசை வரும். நான் ஒரு நொடியிலேயே விடுகிறேன். 100 மில்லிநொடி என்று வைத்தால், ரவுட்டரின் செயலி ஒரு கணம் வேறு வேலையில் மூச்சுமுட்டினாலே பேக்கப் பதறி எழுந்துவிடும். மூன்றரை நொடி என்பது உலாவியில் ஒரு பக்கம் சற்று மெதுவாகத் திறப்பது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த 3.6 நொடி, ரவுட்டர் முழுதாகச் செத்தால் மட்டும். அடுத்த கேள்விதான் உண்மையான தலைவலி.

ரவுட்டர் உயிரோடு இருந்தது, லைன் செத்துப்போனது. மாறவே இல்லையே, ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. விடை எளியது: வி.ஆர்.ஆர்.பி. அலுவலகத்துக்குள் இருக்கும் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. மூத்தது உள்பக்கம் ஒவ்வொரு நொடியும் நலமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, வெளியே அதற்கு உலகமே இல்லை என்பது இளையதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. 100 பேரின் தரவும் மூத்ததிடம் போய்க் குழியில் விழும்.

இன்டர்ஃபேஸைக் கவனித்தால் போதாதா என்பார்கள். போதாது. உங்கள் ரவுட்டருக்கு அடுத்து இருப்பது ஃபைபர் மோடம். தெருமுனையில் ஃபைபர் அறுந்தாலும் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு மீட்டர் கேபிள் நன்றாகத்தான் இருக்கும், பச்சை விளக்கு எரியும். ஆகவே வெளியே எதையாவது தட்டிப் பார்த்து, அதாவது பிங் செய்து, பதில் வராவிட்டால் முன்னுரிமையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். சிஸ்கோவில் இதற்கு ஐபி எஸ்.எல்.ஏ.வும் டிராக்கும், கீப்அலைவ்டியில் டிராக் ஸ்கிரிப்ட், மைக்ரோடிக்கில் நெட்வாட்ச். இதில் நான்கு பொறிகள் உண்டு, நான்கிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதல் பொறி கழித்தல் கணக்கு. மூத்தது 110, இளையது 100, லைன் போனால் 5 குறை என்று எழுதியிருப்பார்கள். 105 இன்னும் 100-ஐவிடப் பெரிது, எதுவும் மாறாது. சிஸ்கோவில் எண் தராவிட்டால் 10 குறையும். அப்போது 100-க்கு 100, சமம், எது வெல்லும் என்று விரல் விட்டு எண்ண வேண்டும். 150-க்கு 100 என்று வைத்து 60 குறையுங்கள்.

இரண்டாவது, இளையதிடம் ப்ரீம்ப்ட் இருக்கிறதா என்பது. தன்னைவிடக் குறைந்த முன்னுரிமைக்காரர் நாற்காலியில் இருந்தால் எழுப்பிவிட்டு உட்காரும் உரிமை அது. வி.ஆர்.ஆர்.பி.யில் தானாகவே உண்டு. எச்.எஸ்.ஆர்.பி.யில் கிடையாது, நீங்கள் எழுத வேண்டும். மூத்ததில் மட்டும் எழுதிவிட்டு இளையதில் விட்டுவிடுவார்கள். மூத்தது 90-க்கு இறங்கும், ஆனால் குரல் நிற்காது. இளையது மரியாதையாகப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, எதைத் தட்டுவது. சேவை நிறுவனத்தின் முதல் முகவரியைத் தட்டினால் அது பதில் சொல்லும், அதற்கு அப்பால் அவர்களுடைய லைன் அறுந்திருந்தாலும். 8.8.8.8, 1.1.1.1 போல இரண்டு மூன்று தொலைவு முகவரிகளை வையுங்கள். எல்லாமே பதில் தராவிட்டால்தான் லைன் செத்தது என்று எடுங்கள். ஒரே முகவரியை நம்பினால் அது பராமரிப்பில் இருக்கும் நாளில் நீங்களும் மாறுவீர்கள்.

நான்காவதுதான் கொடுமையானது. மூத்தது தன் லைன் போனால் இளையதன் வழியாக வெளியே போகும்படி ஒரு மாற்றுப் பாதையும் வைத்திருப்பீர்கள், நல்ல எண்ணத்தோடு. லைன் போகிறது, பிங் தோற்கிறது, பாதை மாறுகிறது. இப்போது அதே பிங் இளையதன் வழியாகப் போய் வெற்றி பெறுகிறது. "லைன் வந்துவிட்டது" என்று மூத்தது நாற்காலிக்குத் திரும்புகிறது. பிங் மறுபடி தோற்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை இந்த ஆட்டம். தீர்வு, தட்டும் முகவரிக்குத் தனியாக நிலையான பாதை எழுதி, அது மூத்தவரின் சொந்த லைனைத் தவிர வேறு எதிலும் போகாதபடி கட்டிப்போடுவது. கட்டிப்போட்ட முகவரியை அலுவலகத்துக்கு டி.என்.எஸ். (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) ஆகவும் கொடுத்துவிடாதீர்கள்.

பாதி செத்த லைனை எப்படிக் கண்டுபிடிப்பது? பிங் போகிறது, ஆனால் ஒன்றுமே திறக்கவில்லை.

பெரிய இடங்களுக்கே இது கைநழுவியிருக்கிறது. 2016 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தின் தரவு மையத்தில் ஒரு ரவுட்டர் பகுதியாகப் பழுதானது. முழுதாகச் சாகவில்லை, எனவே மாற்று ஏற்பாடு எழவில்லை. அடுத்த சில நாட்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தார்கள். மாற்றுப் பெட்டி இல்லாமல் இல்லை. எழுந்திரு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு பிங் போதாது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. பத்துத் தட்டலில் மூன்று தவறினால் லைன் கெட்டது என்று எடுக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். 64 பைட் பிங் போகும், 1400 பைட் போகாது என்கிற நோயும் உண்டு, எனவே பெரிய பாக்கெட்டையும் அனுப்பிப் பாருங்கள். உண்மையாக ஒரு டி.என்.எஸ். கேள்வி கேட்டு, ஓர் இணையப் பக்கத்தின் தலைப்பை எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. கெட்டது என்று முடிவெடுக்க 15 நொடி எடுத்துக்கொண்டால், சரியாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளக் குறைந்தது 5 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வரும் லைனை நம்பித் திரும்பத் திரும்ப ஓடுவதைவிட மெதுவான பிராட்பேண்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

மூத்தது சரியானதும் தானாகத் திரும்பி வர வேண்டுமா?

இரண்டு கட்சிகள் உண்டு. நான் "தாமதமாகத் திரும்பட்டும்" கட்சி. ரீபூட் ஆன ரவுட்டரின் உள்பக்கம் முதலில் எழும், வெளிப்பாதைகள் பிறகுதான் வரும். உடனே நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டால், லைன் எழும் வரை எல்லோருக்கும் இருட்டு. ஐந்து நிமிடத் தாமதம் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தானாகத் திரும்பவே வேண்டாம், இரவில் நானே மாற்றிக்கொள்கிறேன் என்பவர்கள் கீப்அலைவ்டியில் நோப்ரீம்ப்ட் (எழுப்பும் உரிமை வேண்டாம்) என்று எழுதுவார்கள். அது வேலை செய்ய இரண்டு பெட்டியிலும் தொடக்க நிலை பேக்கப் என்று இருக்க வேண்டும், மூத்ததில் மாஸ்டர் என்று விட்டால் பலிக்காது. இன்னொரு சிக்கல், இளையதில் நோப்ரீம்ப்ட் இருந்தால் மேலே சொன்ன முன்னுரிமைக் குறைப்பும் பயன்படாது. அப்போது டிராக் ஸ்கிரிப்டுக்கு எடை எண் (முன்னுரிமையில் எவ்வளவு குறைப்பது என்ற எண்) கொடுக்காமல் விடுங்கள். ஸ்கிரிப்ட் தோற்றதும் மூத்தது பழுது நிலைக்குப் போய்க் குரலையே நிறுத்திவிடும், இளையது எழும்.

கேட்வேயை பிங் செய்தால் பதில் இல்லை. ஆனால் நெட் வருகிறது. பழுதா?

இல்லை. தரத்தின்படி, நாற்காலி முகவரி தன் சொந்த முகவரியாக இல்லாத மாஸ்டர், அந்த முகவரிக்கே வரும் பாக்கெட்டுகளை ஏற்கத் தேவையில்லை. பல பெட்டிகள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்கச் சொல்லும் விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஹெல்ப்டெஸ்க் அழைப்பு குறையும்.

இரண்டுமே "நான்தான் மாஸ்டர்" என்கின்றன. என்ன செய்ய?

ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்கவில்லை. அமைப்புகளை ஒப்பிடும் முன் குரல் வருகிறதா என்று பாருங்கள். இளையதில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்து 112-ஆம் நெறிமுறையை மட்டும் கேளுங்கள்.

எதுவுமே வரவில்லை என்றால் நடுவில் இருக்கும் சுவிட்ச் மீது சந்தேகப்படுங்கள். விலான் எண் தவறாக இருக்கலாம், ஃபயர்வால் தடுக்கலாம், மலிவான சுவிட்ச் மல்டிகாஸ்ட்டை விழுங்கலாம். அதிகம் அலைய வேண்டாம் என்றால் கீப்அலைவ்டியில் மல்டிகாஸ்ட்டை விட்டு, எதிர்ப்பெட்டியின் முகவரியை நேராகச் சொல்லி யூனிகாஸ்டுக்கு (ஒருவருக்கு மட்டும் அனுப்பும் முறைக்கு) மாறலாம்.

வருகிறது, ஆனால் ஏற்கவில்லை என்றால் பதிப்பு, குழு எண், இடைவெளி, கடவுச்சொல் இவற்றில் ஒன்று வேறாக இருக்கிறது. கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், 2004-இல் ஆர்.எஃப்.சி. 3768 அதைத் தரத்திலிருந்தே எடுத்துவிட்டது. ஒரே விலானில் புகுந்த ஒருவர் 254 என்ற முன்னுரிமையோடு குரல் கொடுத்தால் உங்கள் நாற்காலி அவருடையது. விருந்தினர் வைஃபையைத் தனி விலானில் வையுங்கள்.

மாறியது, ஆனால் வீடியோ அழைப்பு அறுந்தது, வங்கித் தளம் வெளியே தள்ளியது. ஏன்?

வெளியுலகுக்கு உங்கள் முகவரியே மாறிவிட்டது. மூத்ததில் ஒரு பொது ஐபி, இளையதில் இன்னொன்று. பாதி உரையாடலில் வேறு முகவரியிலிருந்து வருபவரை வங்கி நம்பாது, நம்பவும் கூடாது. வி.பி.என். தானாக மறுபடி கட்டிக்கொள்ளும். மற்றவற்றை ஊழியர்கள் ஒரு முறை திறந்து மூட வேண்டியிருக்கும்.

லினக்ஸில் கான்ட்ராக்டி, பி.எஸ்.டி.யில் பிஎஃப்சிங்க் என்று நேட் அட்டவணையை (எந்தக் கணினியின் உரையாடல் எது என்ற ரவுட்டரின் குறிப்பை) இரண்டு பெட்டிக்கும் நடுவில் பகிரும் கருவிகள் உண்டு. இரண்டு பெட்டியும் ஒரே லைனின் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டால் அவை அருமையானவை, அழைப்புகூட அறாது. இரண்டு வேறு நிறுவன லைன்களுக்கு நடுவில் அவற்றால் பயனில்லை. இதை விற்பவர்கள் சொல்வதில்லை.

வெளியிலிருந்து எங்கள் சர்வருக்கு வருபவர்கள்?

அவர்களுக்கு வி.ஆர்.ஆர்.பி. உதவாது. டி.என்.எஸ். காலாவதியை 60 நொடி, 300 நொடி என்று குறைத்து, லைன் மாறும்போது முகவரியை மாற்றும் ஏற்பாடு ஒரு வழி. சிலர் அந்தக் காலத்தை மதிக்காமல் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். முறையான வழி, இணையத்தில் தனி வலையமைப்பாக அடையாளம் காட்டும் சொந்த ஏ.எஸ். எண்ணும் குறைந்தது ஒரு /24 வரிசையும் வாங்கி இரண்டு நிறுவனங்களுடனும் பி.ஜி.பி. (வலையமைப்புகள் பாதைகளைப் பரிமாறும் நெறிமுறை) பேசுவது. சின்ன அலுவலகத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. சர்வரை வெளியே வாடகைக்கு வைப்பது மலிவு.

இரண்டு லைனுக்கும் மாதாமாதம் பணம். இளையது சும்மா கிடக்க வேண்டுமா?

வேண்டாம் என்றால் இரண்டு குழு போடுங்கள். கணக்குப் பிரிவு விலானுக்கு மூத்தது மாஸ்டர், விருந்தினர் வைஃபைக்கு இளையது மாஸ்டர், ஒன்று போனால் இன்னொன்று இரண்டையும் சுமக்கும். சிஸ்கோ மட்டுமே இருக்கும் இடத்தில் ஜி.எல்.பி.பி. என்ற அவர்களின் இன்னொரு நெறிமுறை ஒரே விலானுக்குள்ளேயே சுமையைப் பிரிக்கும். ஆனால் இரண்டு லைனும் 70 சதவீதம் நிரம்பி ஓடப் பழகிவிட்டால், ஒன்று போகும் நாளில் 140 சதவீதத்தை எதில் ஏற்றுவீர்கள்?

ஐபிவி6-க்கு?

வி.ஆர்.ஆர்.பி. மூன்றாம் பதிப்பு வேண்டும், இரண்டாவது ஐபிவி4 மட்டுமே அறியும். நாற்காலி முகவரியாக ஒரு லிங்க்-லோக்கல் முகவரி (அந்த வலையமைப்புக்குள் மட்டும் செல்லும் முகவரி) கொடுங்கள். கணினிகளுக்குக் கேட்வேயைச் சொல்லும் ரவுட்டர் அறிவிப்பு அந்த முகவரியிலிருந்து மட்டும் போகட்டும். பெட்டிகளின் சொந்த முகவரியிலிருந்தும் போனால் கணினிகள் அதையே கேட்வேயாகப் பிடித்துக்கொள்ளும்.

கிளவுடில் கீப்அலைவ்டி போட்டேன். முகவரி நகர்கிறது, தரவு நகரவில்லை.

பெரிய கிளவுட்களில் ஏ.ஆர்.பி. கூவலை யாரும் கேட்பதில்லை. எந்த முகவரி எந்த இயந்திரத்துடையது என்பது அவர்களின் கட்டுப்பாட்டு அமைப்பில்தான் இருக்கிறது. மாஸ்டர் ஆனதும் அவர்களின் ஏ.பி.ஐ.யை (நிரல் வழியாகக் கட்டளை கொடுக்கும் வாயிலை) அழைத்து முகவரியையோ பாதையையோ மாற்றும் ஸ்கிரிப்டை இணையுங்கள். வி.எம்.வேர் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் என்றால் போர்ட் குழுவில் போலி மேக்கை அனுமதிக்கும் விருப்பத்தைப் பாருங்கள்.

இரண்டு நிறுவன லைன் எடுத்தோம். இரண்டும் ஒரே நேரத்தில் போனது. எப்படி?

பில் அனுப்புபவர்கள்தான் இருவர், தெருவில் கேபிள் ஒரே கம்பத்தில் வருகிறது. அல்லது இருவரும் ஒரே மூன்றாமவரிடம் கடைசி மைலை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். லைன் போட வரும் ஆளோடு மொட்டை மாடிக்குப் போய்க் கேபிள் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். ஒன்று தரைவழி ஃபைபர் என்றால் இன்னொன்று 4ஜியோ ரேடியோவோ இருக்கட்டும்.

கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ராஜர்ஸ் நிறுவனத்தின் மைய வலையமைப்பு விழுந்தது. வழிச் செய்தியை வடிகட்டும் ஓர் அமைப்பை நீக்கியதில் மைய ரவுட்டர்கள் மூழ்கின. கைப்பேசியும் வீட்டு இணையமும் அதே மையத்தில் தொங்கியதால் சேர்ந்தே போயின, 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். அந்நாட்டின் டெபிட் பரிமாற்ற அமைப்பான இன்டராக்கும் படுத்தது. இன்னொரு நிறுவனத்தின் இணைப்பையும் சேர்த்துக்கொள்வதாக இன்டராக் பிறகு அறிவித்தது. எனக்கு உறைத்தது வேறு: ராஜர்ஸின் பொறியாளர்கள் ரவுட்டருக்குள் நுழையும் வழியும் அதே விழுந்த வலையமைப்பில்தான் இருந்தது. உங்கள் இரண்டு ரவுட்டருக்கும், வலையமைப்பு இல்லாமலே நேராக உள்ளே நுழைய உதவும் கன்சோல் கேபிள் எங்கே இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

லைனை விட்டுவிட்டு அறைக்குள்ளும் பாருங்கள். இரண்டு ரவுட்டரும் ஒரே யூபிஎஸ்ஸின் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இருக்கின்றனவா? இரண்டும் ஒரே சுவிட்சில் செருகியிருக்கின்றனவா?

சோதிப்பது எப்படி?

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மடிக்கணினியில் 8.8.4.4-க்கு பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

மூத்ததை மெனுவில் ரீபூட் செய்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒழுங்காக அணையும் மாஸ்டர், முன்னுரிமை 0 என்று ஒரு கடைசிக் குரல் கொடுத்துவிட்டுப் போகும், இளையது ஒரு நொடிக்குள் எழுந்துவிடும். மின்சாரம் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. வயரைப் பிடுங்குங்கள். பிறகு மோடத்தின் பின்னால் ஃபைபரைக் கழற்றுங்கள், ரவுட்டர் பக்கக் கேபிளை அல்ல. அடுத்து 1400 பைட் பாக்கெட்டை மட்டும் தடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் திரும்பச் செருகி, மூத்தது எத்தனை நிமிடத்தில், எத்தனை பிங் இழந்து திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நன்றாக ஓடுகிறது. பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மாறியதை. நல்ல ஏற்பாட்டில் மாற்றம் யாருக்கும் தெரியாது, ஆபத்தே அதுதான். மாஸ்டர் மாறும் ஒவ்வொரு முறையும் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி நோட்டிஃபை ஸ்கிரிப்டை இணையுங்கள். பேக்கப் லைனையும் மாஸ்டர் லைனைப் போலவே நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் லீஸ்டு லைன் அறுந்தபோது மூத்தது முறைப்படி 90-க்கு இறங்கியது, இளையது முறைப்படி நாற்காலியில் ஏறியது, இருந்தும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பிராட்பேண்டை யாரும் பயன்படுத்துவதில்லை என்று பார்த்த கணக்குப் பிரிவு, நான்கு மாதம் முன்பே பில் கட்டுவதை நிறுத்தியிருந்தது.